தணலில் ஊற்றிய தண்ணீர்

என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். நுரையீரல் இன்னும் வளரவில்லை, தானாக விரிந்து நிற்காது என்றார் டாக்டர். மூக்கில் குழாய் வைத்துக் காற்றை அழுத்திக் கொடுத்தார்கள். குழாயின் மறுமுனை ஒரு தண்ணீர்ப் பாட்டிலுக்குள் இருக்கும். தண்ணீர் கொப்பளித்தால்தான் காற்று சரியாகப் போகிறது என்று அர்த்தம். நான் பிள்ளையைப் பார்த்ததைவிட அந்தப் பாட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து எழும். கணவர் கேரளாவில் ஏலத்தோட்டத்தில் வேலையில் இருந்தார். அவர் வீட்டார் ஒருமுறை வந்து, எலிக்குஞ்சு மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது, புகை பட்டால் மறுபடியும் மூச்சு இழுக்கும் என்று டாக்டர் எச்சரித்தார். சின்னமனூரில் கணவர் வீட்டில் அதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாளே கணவரின் அக்கா வெந்நீர் காயவைத்தார். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர் அவர்தான். மூக்கில் ஊதிச் சளி எடுப்பார், தலைக்குச் சாம்பிராணி காட்டுவார். தணல் தட்டோடு அறைக்கு வந்தார். நான் அதைப் பிடுங்கிக்கொண்டு போய் வாசலில் வைத்து, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

"நான் குளிப்பாட்டாத பிள்ள இந்த வீட்டுல கிடையாது. எல்லாம் மூச்சு விட்டுக்கிட்டுத்தான அலையுதுக," என்றார்.

"இவன் எப்பிடி மூச்சு விட்டான்னு நீங்க பாக்கல மதினி. நான் பாத்தேன்."

"நீ டாக்டருக்குப் படிக்கப் போயிருக்கணும் ஆத்தா."

பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் தணலை அணைத்தவள் என்று தெருவெல்லாம் பேச்சு. கணவர் போனில், பெரியவர்கள் மனம் நோகாமல் நடந்துகொள் என்றார். எனக்கு அவரையும் பிடிக்காமல் போனது. அதன்பின் யாரும் அந்த அறைக்கு வரவில்லை. சாப்பாடு வாசற்படியில் இருக்கும். குளிக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தொட்டிலைக் குளியலறைக்கு எதிரே இழுத்து வைத்து, கதவைத் திறந்துபோட்டுக் குளித்தேன். பேசுவதற்கு ஆளில்லாமல் அவன் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. "நல்லா இருந்த பிள்ளைய வச்சுக்கிட்டு என்னா ஆட்டம் ஆடுனா" என்று என் காதுபடவே சொன்னார்கள். அவன் மூச்சுக்குத் திணறியிருந்தால் என்னை நம்பியிருப்பார்கள். நினைத்தால் இன்றும் எரிகிறது.

அவன் தவழத் தொடங்கியபின் ஒருநாள் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, நுரையீரல் நன்றாக இருக்கிறது, இனி வர வேண்டாம் என்றார். வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன், மலையில் சிக்னல் இல்லை. வீட்டுக்குச் செய்ய மனம் வரவில்லை. கம்பம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த அம்மாவிடம், என் பிள்ளைக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறதாம் என்றேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தான தாயி இருக்கும்," என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.