கணக்கு இல்லாத கம்ப்யூட்டர் குரூப்

ராஜபாளையத்தில் எங்கள் பள்ளியின் பிளஸ் ஒன் சேர்க்கை மேசையில் அன்று உட்கார்ந்திருந்தவர் காமர்ஸ் ஆசிரியர். ஒல்லியான மனிதர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. எதிரில் நிற்பவர் கேட்டு முடிப்பதற்குள் பதிலை எழுதிவிடுவது அவர் வழக்கம்.

"சார், நான் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கணும். எந்த குரூப்பு..." என்று ஆரம்பித்தேன்.

"காமர்ஸ்லயே கம்ப்யூட்டர் இருக்கும்மா. கணக்குக் கிடையாது. எம்புட்டு லேசு!" என்றபடியே விண்ணப்பத்தில் எழுதிவிட்டார்.

நம்பினேன். இரண்டு வருடமும் வகுப்பில் முதலாவதாக வந்தேன். பிறகு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கலந்தாய்வுப் பதிவுக்குப் போனபோது, பிளஸ் டூவில் கணக்குப் படிக்காதவர்களுக்கு இன்ஜினியரிங் கிடையாது என்று திருப்பி அனுப்பினார்கள். பேருந்தில் வரும்போதே உடம்பெல்லாம் எரிந்தது. இறங்கியதும் நேராக ஆசிரியர்கள் அறைக்குப் போனேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்ல சார்? எதுக்கு எழுதுனீங்க?" என்று கத்தினேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. "கணக்கு வேணுமா? போன வாரந்தான் எம் மகளையும் இதே காமர்ஸ் குரூப்புல சேத்தேன். அவளும் இன்ஜினியரிங்தான் கேக்கா" என்றார்.

"அப்ப இன்னைக்கே மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

அவர் மகளுக்கு நேரம் இருந்தது. நான் பி.காம். சேர்ந்தேன். அவர் வேண்டுமென்றே செய்யவில்லை என்பதைத்தான் இன்றுவரை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.