மெழுகுதிரிப் படம்

மகளுக்கு ஐந்து வயதாகியும், நன்றாகத் தெரிந்த பொருள்களின் பெயர்கள் வாயில் வராமல் நின்றுவிடும். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "இது... தலை இழுக்கிறது" என்பாள். காது கேட்டது, நாங்கள் சொல்வது விளங்கியது. சொல் மட்டும் அகப்படவில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழி கேட்பதால்தான் என்றார் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் கீழ்வீட்டு அக்கா. அன்றே தொலைக்காட்சியை நிறுத்தினேன். பிறகு, நிறுத்தியதுதான் பிழையோ என்று யோசித்தேன்.

கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி தந்த மிஸ் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: "நீங்கள் சொல்லை எடுத்துக் குடுக்காதேங்கோ. அது என்ன செய்யும் எண்டு அவ சொல்லட்டும். பொறுங்கோ."

பொறுப்பதுதான் எனக்கு வராது.

முதலாம் ஆண்டில் சேர்ப்பதற்கான நேர்முகத்துக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பள்ளிக்கூடம், "அடுத்த வருசம் பாப்பம்" என்று அனுப்பிவிட்டிருந்தது. இங்கும் இல்லையென்றால் அவள் இன்னொரு வருடம் வீட்டோடுதான்.

பள்ளிக்கூட அதிபர் அம்மா ஒரு மெழுகுதிரிப் படத்தைக் காட்டி, "இது என்ன மகள்?" என்றார்.

மகள் படத்தைப் பார்த்தாள்; என்னைப் பார்த்தாள். சொல்லிக்கொடுக்க வந்த வாயை மூடிக்கொண்டேன். அவள் எழுந்து வந்து என் காதுக்குள் கேட்டாள்: "அம்மா, இஞ்ச சத்தமாக் கதைக்கலாமே?"

போர்க்காலம். பஸ் ஏதாவது சோதனைச் சாவடியை நெருங்கும்போதெல்லாம், தமிழ் வெளியே கேட்காதபடி காதுக்குள் கதைக்கப் பழக்கியிருந்தோம். சற்றுமுன் பள்ளிக்கூட வாசலிலும் சீருடைக்காரர் ஒருவர் என் பையைத் திறந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

"ஓம் செல்லம், இஞ்ச கதைக்கலாம்."

திரும்பப் போய்த் தன் இடத்தில் இருந்தாள். "கறண்ட் போனா... அப்பா தேடுறது. நெருப்புப்பெட்டி இருக்கும். இது இராது."

அதிபர் அம்மா சிரித்துவிட்டார். "எங்கட வீட்டிலயும் ஒராள் இப்பிடித்தான் தேடுறவர்."

மகளும் சிரித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "வகுப்பில இவ்வளவு பிள்ளையள். இவ சொல்லி முடியுமட்டும் ஆர் மிஸ் பொறுக்கிறது?" என்று கேட்டுவிட்டேன்.

"ரீச்சரிட்ட நான் சொல்லுறன். நீங்கள் ஜனவரியில அனுப்புங்கோ."

திரும்பும் வழியில், அவர் இரக்கப்பட்டுச் சொன்னாரோ, நாளை மனம் மாறுவாரோ என்றெல்லாம் ஓடியது. ஆனாலும் எங்கள் வீட்டுப் பக்கத்துக் காலி வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சீருடைக்கு வெள்ளைத் துணி வாங்கினேன். வளர்கிற பிள்ளை என்று கடைக்காரரிடம் அரை யார் நீளம் கூடவே வெட்டச் சொன்னேன்.