ஏ போட்டி

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கொம்பும் காலும் பிழைத்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதியும் கூடிவிட்டது, முந்தி நடந்ததைப் பிந்திச் சொல்லிவிடுவேன். டோர்ட்மண்டில் எங்கள் முதியோர் கூடலில் ஆளுக்கொரு சிறுவயதுக் கதை வேண்டுமென்றார்கள். எழும்பி நின்று வாயால் சொல்ல என்னால் ஏலாது. அதனால்தான் எழுதுகிறேன்.

மகளின் கணவருக்குக் கார் திருத்தும் பட்டறையில் வேலை. ஞாயிறு பின்னேரங்களில் அமெரிக்காவில் நடக்கிற கார்ப் பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பார். ஒரு பெரிய வட்டப் பாதையில் கார்கள் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி ஓடிக்கொண்டிருக்கும். மகள் குசினிக்குள் சமைத்துக்கொண்டே குரல் கொடுப்பாள்.

"வலப்பக்கம் திரும்பத் தெரியாத ஆக்களைப் பாத்துப் பாத்துத்தான், நீங்களும் குப்பை வாளி இருக்கிற பக்கம் திரும்பிறேல்லை."

மருமகன் இருக்கிற இடத்தில் சரிக்குச் சரி இருந்து பழகாதவள் நான். கதவோரக் கதிரையில், பயற்றங்காய் முறிக்கிற சாட்டில் இருப்பேன். போன மாரியில் ஒருநாள் அவராகவே என் பக்கம் திரும்பி, "மாமி, இதுக்கு ஸ்டொக் கார் எண்டு பேர்" என்றார்.

ஸ்டொக் என்றால் கடையில் அடுக்கிவைத்திருக்கிற சாமான் என்றுதான் எனக்குத் தெரியும்.

"சாமான் ஏத்திற காரோ தம்பி?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இல்லை மாமி. கடையிலை விக்கிற மாதிரியே இருக்கிற சாதாரணக் கார் எண்டு அர்த்தம்." பிறகு சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "ஆனா நீங்கள் சொன்னதும் பிழையில்லை. துவக்கத்திலை அது சாமான் ஏத்தின கார்தான். அங்கை ஒரு காலம் மலைக்குள்ளை களவாச் சாராயம் காய்ச்சி, சாதாரணக் காரிலை கொண்டு போனவை. வெளியாலை பாத்தால் ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை எஞ்சினைத் திருத்தி, பாரத்திலை பதியாமல் பின் ஸ்பிறிங்கைக் கூட்டி, பொலிசுக்குத் தண்ணி காட்டிப்போட்டு ஓடுவினம். பிறகு ஆரின்ரை கார் திறம் எண்டு தங்களுக்குள்ளை ஓடிப் பாத்தினம். அப்பிடித்தான் இந்தப் பந்தயம் வளர்ந்தது."

முதலில் கடற்கரை மணலில்கூட ஓடினார்களாம். கடல் ஏற முதல் ஓடி முடிக்க வேண்டுமாம். அவர் சொல்லிக்கொண்டே போனார். என் கையில் பயற்றங்காய் முறியாமல் கிடந்தது.

என் சிறுவயதில் ஊரிலே மாமா, அம்மாவின் தம்பி, கலியாணம் ஆகாமல் எங்கள் வீட்டில்தான் இருந்தார். ஒரு முதலாளியின் வாடகைக் கார் ஓடினார். அந்த இங்கிலீசுக் காரின் பெயரில் ஏ என்ற எழுத்தும், போர்ட்டி என்ற நாற்பதும் இருந்தன. எங்கள் ஊர் வாயில் அது "ஏ போட்டி" ஆயிற்று. எட்டு வயதான எனக்கு அதில் என்ன சந்தேகம்? போட்டிக்கு ஓடுகிற கார் என்றே நினைத்தேன்.

"ஆரோடை மாமா போட்டி?"

"பின்னாலை வாற ஆளோடை."

"வெண்டால் கப் தருவினமோ?"

"தராமல்? உன்ரை தலை அளவு வெள்ளிக் கப்."

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் என்னை ஏற்றிக்கொண்டு போவார். அம்மா எனக்குப் பட்டுப் பாவாடை உடுத்தி, திருநீறு பூசி, கையில் அர்ச்சனைத் தட்டையும் தருவா. தம்பிக்குப் பக்தி வந்துவிட்டது என்று அவவுக்குச் சந்தோசம். மற்றக் கார்களைப் போலல்லாமல் எங்கள் காரின் பின் இருக்கை குதிக்கக் குதிக்க மேலே எறியும். அதற்குள் பஞ்சில்லை, கார்ச் சில்லின் ரப்பர் ரியூப்புகளில் அடைத்த வடிசாராயம் என்பது எனக்குப் பல காலம் கழித்துத்தான் தெரிய வந்தது. சந்தியில் பொலிஸ்காரர் குனிந்து பார்ப்பார். தட்டில் தேங்காயும் பழமும், பின்னால் பட்டுப் பாவாடையுமாக நான் இருப்பேன். அவர் சிரித்துக் கையை அசைப்பார். அவரைப் போட்டியின் நடுவர் என்றும், நாங்கள்தான் முன்னுக்கு என்று காட்டுகிறார் என்றும் எண்ணி, நானும் கையை அசைப்பேன்.

கடைசி வெள்ளியன்று மழை விட்டிருந்தது. சந்தியில் வேறொருவர் நின்றார். அவர் சிரிக்கவில்லை. மாமா நிறுத்தவுமில்லை. திரும்பிப் பார்த்தேன், ஒரு ஜீப் புறப்பட்டது. கடைசியில் ஒருவாறு போட்டி தொடங்கிவிட்டது! நான் இருக்கையில் ஏறி நின்று, "விடாதேங்கோ மாமா, விடாதேங்கோ!" என்று கத்தினேன். ஒரு குலுக்கலில் நான் விழுந்து முன் சீற்றோடு மோதினேன். அழவில்லை. தேங்காய்தான் உருண்டு எங்கேயோ போய்விட்டது.

கோயிலடி வந்ததும் கார் நின்றது. மாமா இறங்கி வந்து பின் கதவைத் திறந்தார்.

"பிள்ளை, இறங்கு. பாரம் கூடிப்போச்சு. பாரம் குறைஞ்சால்தான் வெல்லலாம்."

"நான் பாரமில்லை மாமா."

"இறங்கடி ராசாத்தி. கப்போடை வாறன்."

தூக்கி இறக்கிவிட்டார். பிறகும் உடனே போகவில்லை. முன் சீற்றுக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, அந்தத் தேங்காயை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டுத்தான் ஏறினார். அதற்குள் ஜீப் கிட்ட வந்துவிட்டது. அது என்னைக் கடந்தபோது நான் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டினேன்.

கோயில் வாசல் பூக்காரியின் பக்கத்தில் கப்புக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். ஒருவரும் வரவில்லை. கடைசியில் அயல்வீட்டுக்காரர்தான் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போனார். எங்கள் வீட்டு வளவு நிறையச் சனம். பரவைக்கடல் ஓரத்துத் திருப்பத்தில், மதகைத் தாண்டிக் கார் மாமாவோடு தண்ணீருக்குள் போய்விட்டதாம்.

ஏன் எப்படி என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லவும் தேவையிருக்கவில்லை. நான் பாரம். நான் ஏறியதால் மாமா பிந்திவிட்டார், பிந்தியதால் தோற்றார். அன்றைக்குப் பிறகு இரண்டாம் முறை சோறு கேட்டதில்லை. "பெட்டைக்குக் கூச்சம்" என்றார்கள். இன்றைக்கும் எங்கேயாவது வெளிக்கிடுகிறபோது, "நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டிலை நிக்கிறன்" என்பேன். ஊன்ட்றொப் கோயில் தேருக்குக்கூட மகள் கெஞ்சித்தான் என்னைக் காரில் ஏற்றுவாள். அவளும் அதைக் கூச்சம் என்றே நினைக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மருமகன் கடைசியாக ஒரு பகிடி சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு கார் ஓட்டக்காரர் பக்கத்தில் ஒரு குரங்கை இருத்திக்கொண்டு ஓடினாராம். குரங்குக்கும் அளவாகச் சட்டை தைத்துப் போட்டிருந்ததாம். ஒரு முறை ஓடிக்கொண்டிருக்கும்போது கல்லோ என்னவோ பட்டுக் குரங்கு வெருண்டு, அவர் மேல் பாய்ந்து பிடித்துக்கொண்டதாம். அவர் நடுவில் காரை நிறுத்தி அதை இறக்கிவிட்டாராம். வெல்ல வேண்டிய பந்தயம் கைவிட்டுப் போனதாம்.

மகள் குசினிக்குள் இருந்து, "அப்ப குரங்குக்குத்தான் மூளை" என்றாள். இருவரும் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு காலமும் ஒருவரிடமும் கேட்காததை, மருமகன் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"பாரத்தாலையோ தம்பி தோத்தவர்?"

"சீச்சீ, குரங்கின்ரை பாரம் அந்தக் காருக்கு ஒண்டுமில்லை மாமி. ஒரு சின்னப்பிள்ளை ஏறி இருந்தால்கூடத் தெரியாது. நிப்பாட்டினதாலைதான் தோத்தவர்."

"தெரிஞ்சுகொண்டோ நிப்பாட்டினவர்?"

"தெரியாமலோ? பின்னை என்ன செய்யிறது மாமி, பக்கத்திலை இருக்கிறது ஒரு உயிரல்லோ."

நான் பயற்றங்காயை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன். மகள் என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, வெங்காயம் நான்தானே வெட்டிறன்?" என்றாள்.

அன்று நான் காரில் இருந்திருந்தால் ஜீப் கொஞ்சம் தயங்கியிருக்கும். சுடவோ இடிக்கவோ யோசித்திருக்கும். அதற்காகத்தானே வெள்ளிக்கு வெள்ளி என்னைப் பின்னால் இருத்தியிருந்தார். அது மாமாவுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நான் கோயில் வாசலில் நின்று, நான் பாரமில்லை, நான் பாரமில்லை என்று தேங்காயிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதில் அமெரிக்காச் சங்கதிகள் எல்லாம் நான் காதால் கேட்டவை, பிழையிருக்கும். படித்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். முக்கியமாக அந்தக் குரங்கின் கதையை. இறக்கிவிடும்போது அவர் அதற்கு ஏதாவது பொய் சொன்னாரா என்று எங்காவது எழுதியிருந்தால், அதையும் எனக்குச் சொல்லுங்கள்.