சீதேவியின் அறைக்குப் போகும் கம்பி

இது நடந்தது. 1939 மார்கழி, மட்டக்களப்பில், வாவியோரம், என் மனைவி சீதேவியின் வீட்டில். நான் குடிப்பதில்லை. அந்த மாதம் எனக்குக் காய்ச்சலும் இல்லை.

விடிந்ததும் எழுவேன். கிணற்றடியில் முகம் கழுவுவேன். மாமி தரும் கோப்பியைக் குடிப்பேன். சீதேவியின் அறையை எட்டிப் பார்ப்பேன். பல்பு எரிந்தால் சட்டையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன். படிப்பிப்பேன். திரும்பி வருவேன்.

அந்தப் பல்புதான் அவளுக்கு வைத்த விளக்கு. பிள்ளை பெற்ற மூன்றாம் நாள் சன்னி கண்டு, நகத்தில் மருதோன்றிச் சிவப்பு மாறாமலே அந்த அறையில் இறந்தாள். பிள்ளை அவளுக்கு முன்பே போய்விட்டது. முப்பத்தோராம் நாள் இறந்தவருக்குப் படைத்து அமுது கொடுக்கும்வரை, உயிர் பிரிந்த இடத்தில் விளக்கு அணையக் கூடாது. அணைந்தால் உயிர் வழி தெரியாமல் அலையும் என்பார்கள். அந்த வருடம்தான் வீட்டுக்குக் கரண்டு வந்திருந்தது. “எண்ணெய் விளக்கு காத்துக்கு நூந்து போயிரும். இது நூராது” என்று மாமி பல்பையே எரியவிட்டார்.

அவள் போனபோது நான் இல்லை. டாக்குத்தரைக் கூட்டிவரப் போயிருந்தேன். கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியிடம் கேட்டேன்.

“வெளிச்சத்த நூத்துராதீங்க எண்டாள், தம்பி.”

ஆகவே பல்பு எரிய வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சில வாரங்கள் ஒழுங்காக எரிந்தது. ஒரு காலை எரியவில்லை.

விறாந்தைச் சுவரில் மரப்பெட்டி. உள்ளே மெயின் சுவிட்ச், நான்கு பியூஸ். மூன்று சரி. அவள் அறைப் பியூஸின் பீங்கான் பிடியைக் கழற்றினேன். கம்பி உருகினால் கரி பிடித்திருக்கும், செப்பு மணியாகத் திரண்டிருக்கும். கரி இல்லை. திருகாணிகள் தளர்ந்திருந்தன. கம்பி முழுசாக, நேராக நீவி, பெட்டியின் அடியில் வைக்கப்பட்டிருந்தது.

நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். மெயினை இறக்கிவிட்டு வயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஈரம் இல்லை. எங்கும் உரியவில்லை. பல்பு மாட்டும் இடத்திலும் கோளாறு இல்லை. புதுக் கம்பி போட்டேன். எரிந்தது.

மறுநாளும் அப்படியே.

சீதேவியின் தம்பி கோணாமலை சிரித்தான். “கரண்டும் எங்கட அம்மாவுக்குப் பயந்து ஓடுது, மச்சான்.”

மாமி சிரிக்கவில்லை. “கொழும்புல படிச்ச மாப்பிள்ள. ஒரு வெளிச்சத்த நூராம வச்சிருக்கத் தெரியல்ல.”

கோணாமலையின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்பில்.

அடுத்த காலை... பூட்டு பூட்டியபடி இருந்தது. பல்பு அணைந்திருந்தது. அவள் கட்டிலை யாரும் தொடுவதில்லை. தலையணையில் அவள் தலை கிடந்த பள்ளம் அப்படியே இருந்தது. அன்று அந்தப் பள்ளம் சுவர்ப்பக்கம் நகர்ந்திருந்தது. பல்புக்கு முதுகு காட்டிப் படுத்தால் விழும் பள்ளம்.

அமுதுக்கு முந்திய நாள். மாமியும் கோணாமலையும் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். மழை. பகலே இருட்டிக் கிடந்தது. பியூஸில் எவரும் போடக் கூடாத தடித்த செப்புக் கம்பியைப் போட்டேன். ஈயத்தை உருக்கி முனைகளை ஒட்டினேன். பூட்டினேன்.

பல்பு எரிந்தது. நான் பெட்டியின் முன்னால் நின்றேன்.

கிர்... கிர்...

பெட்டிக்குள்ளே.

எலி என்று நினைத்தேன். நின்றது. பிறகு மீண்டும், நிதானமாக... நகம் ஈயத்தைச் சுரண்டும் சத்தம்.

பெட்டிக் கதவை உள்ளிருந்து ஏதோ தள்ளியது. பூட்டு குலுங்கியது.

பல்பு ஒருதரம் மங்கியது.

இரண்டு கையாலும் கதவை அழுத்திப் பிடித்தேன். அணையக் கூடாது. நாளை வரைக்கும்.

சுரண்டல் வேகமாயிற்று. மரம் என் உள்ளங்கைக்குக் கீழே சூடாயிற்று.

நான் விடவில்லை.

கிர்...

தளர்ந்தது.

கிர்...

நின்றது.

பல்பு எரிந்தது.

மறுநாள் அமுது கொடுத்து முடிந்ததும் மாமி பல்பை அணைத்தார். நான் பெட்டியைத் திறந்தேன். ஈயம் முழுக்கக் கீறல். ஒரு கீறலின் முடிவில் நகத் துண்டு ஒன்று ஏறி நின்றது. அதில் மருதோன்றிச் சிவப்பு.

காத்தான்குடி மருத்துவிச்சி ஸாலிஹாவும் அன்று வந்திருந்தாள். பேறு பார்த்தவள். சாகும்போது பக்கத்தில் இருந்தவளும் அவள்தான். அறை வாசலில் நின்று பல்பை அண்ணாந்து பார்த்தாள்.

“இது எத்தின நாளாத் தம்பி எரிஞ்ச?”

“இண்டைக்குத்தான் நூத்த.”

“யா அல்லாஹ்!” வாயைப் பொத்திக்கொண்டாள். “சன்னி கண்ட புள்ளைக்கு வெளிச்சம் ஆகாது தம்பி. இது கண்ணுல பட்டுப் பட்டுத்தான் அந்தப் புள்ள வில்லா வளைஞ்சிச்சி. நூருங்க, நூருங்க எண்டு கத்திச்சி. உங்கட மாமி விடல்ல.”

மாமி அடுப்படியில் இருந்தார். நான் போய்க் கேட்கவில்லை. கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று ஸாலிஹாவிடம்தான் கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். திரும்பவும் கேட்டேன். சொன்னாள்.

“அவர் வரட்டும். அவர் வந்தா இத நூத்துருவாரு.”