‘தெரியாது’ என்று எழுதத் துணிந்த லீலாபாய்

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு அந்தச் செய்தி லீலாபாயின் எண்ணிலிருந்தே வந்தது. எங்கள் மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் முந்தின நாள் மாலை அவர் போட்ட வரி மேலே கிடந்தது: “இன்று ஆறு கட்டம் முடிந்தது.” அதற்குக் கீழே, “லீலாவுக்க மாப்பிள்ள ஜெயராஜ். லீலா வெளுப்பாங்காலம் நெஞ்சுவலி வந்து போயிட்டா” என்று அவர் கணவர் போட்டிருந்தார். வெளுப்பாங்காலம் என்றால் விடியற்காலை. அவர் பெயரைத் திரையில் கண்டதும், என்னுடைய தப்பு ஏதோ அகப்பட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு தடவை படித்த பிறகுதான் உட்கார்ந்தேன். நாற்பத்தெட்டு வயது. சாகிற வயதா அது?

மருத்துவமனை மலரில் அவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். சீட்டு போடும் கவுண்டரில் அவருடைய கணீர்க் குரலைக் கேட்டவர்கள் நீங்கள். கடைசி ஒன்றரை ஆண்டு அவர் எங்கள் பிரிவில் செய்த வேலை பலருக்குத் தெரியாது. நம் நான்கு கட்டடங்களிலும் நான்கு விதமான கணினிப் பதிவுகள் இருந்தன. எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, திரையில் நிரப்பும் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்ன பொருள், அதை நிரப்புவது யார் என்று ஒரே பட்டியலாக எழுதவேண்டும். டேட்டா கேட்டலாக் என்பார்கள். புதிய மென்பொருள் வரும்போது, பொருள் தெரிந்த கட்டங்கள் மட்டும் அதற்குள் போகும். ‘தேவையில்லை’ என்று பட்டியல் சொல்பவை அழிந்துவிடும். இதற்கு முன் இரண்டு முறை தொடங்கி, இரண்டு முறையும் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த வேலை இது.

மூன்றாவது முறை அது என் தலையில் விழுந்தது. பிரிவுத் தலைவன் நான். வேகமாக நடப்பதாகக் காட்டவேண்டும் என்று முதல் நாளே நாற்பது வரி எழுதித் தள்ளினேன். மறுநாள் லீலாபாய் அதை அச்செடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“சாரே, இந்த நாப்பதும் யாருட்ட கேட்டு எழுதினீங்க?”

“யாரிடமும் கேட்கவில்லை. பார்த்தாலே தெரிகிறதே.”

“பாத்தா எனக்கொண்ணும் தெரியல்லியே. அறியாதுண்ணா அறியாதுண்ணு எழுதினா என்ன, கைரேகை அழிஞ்சா போவும்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பது வருட அனுபவம் உள்ளவன் ‘தெரியாது’ என்று எழுதினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? அவர் வாதாடவில்லை. நாற்பதில் இருபத்தேழை அழித்து, ‘தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்று தன் பெயரோடு எழுதினார். பட்டியல் ஒரே நாளில் பின்னால் போனது. ஆனால் அன்றைக்குத்தான் அது உண்மையில் தொடங்கியது என்று இப்போது சொல்வேன்.

கேட்கப் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. “வேலை கிடக்கு, பொறவு வா” என்பார்கள். அவர் ஒரு காரியம் செய்தார். பட்டியலில் ‘சொன்னவர்’ என்று ஒரு கட்டம் சேர்த்தார். வாரக் கடைசியில் அதை அச்செடுத்துக் கேன்டீன் சுவரில் ஒட்டினார். நம் ஊரைத்தான் தெரியுமே! கோயில் கொடை நோட்டீஸானாலும் சபை அசன விருந்து நோட்டீஸானாலும், பெயர் விட்டுப்போனால் மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை நின்றுவிடும். திங்கட்கிழமை எக்ஸ்ரே பிரிவு ஆறுமுகம் வந்து மேசையைத் தட்டினார்.

“எக்ஸ்ரே பதிவுல நேத்து வந்தவனுக்க பேரு கெடக்கு. இருபது வருசமா இருக்க எனக்க பேரு எங்கம்மா?”

“நீங்க சொன்னாத்தானே அண்ணாச்சி போட முடியும். இரிங்க, சாயா வரும்.”

ஆறுமுகம் மதியம் வரை உட்கார்ந்து பத்தொன்பது கட்டங்களுக்குப் பொருள் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வார்டு சிஸ்டர்கள் வரிசையில் வந்தார்கள். வேலை ஓடத் தொடங்கியது.

ஓடும்போது நிறுத்துவதுதான் அவருடைய அடுத்த வழக்கம். எனக்கு இது எரிச்சலாக இருக்கும். மளமளவென்று வரும் நேரத்தில், ஐந்து மணிக்கு, பாதி தெரிந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டுக் கணினியை அணைப்பார். “எளுப்பமா உள்ளது ஒண்ணு நாளைக்குக் கெடக்கட்டும் சாரே. காலம்பற வந்ததும் ஒண்ணு முடிஞ்சிட்டுண்ணா, பொறவு உள்ளது தன்னால நடக்கும்.” எளுப்பம் என்றால் அவருடைய குலசேகரம் பக்கத்துப் பேச்சில் சுலபம். வெறும் கையோடு தொடங்கிய காலை ஒன்றுகூட அவருக்கு இருந்ததில்லை. மாலையில் எத்தனை முடிந்தது என்பதைக் குழுவில் போடுவார். ஒன்றுகூட முடியாத நாளில் ‘இன்று பூஜ்யம்’ என்றும் போடுவார். அந்த நேர்மை எனக்கு அப்போது அசட்டுத்தனமாகப் பட்டது.

இனிச் சொல்லப்போவதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பழைய கட்டடத்தின் பதிவில் தலைப்பே இல்லாத கட்டம் ஒன்று இருந்தது. பெரும்பாலும் காலி; சில நோயாளிகளுக்கு மட்டும் 4 என்ற எண். முதல் நாள் நாற்பதில் அதற்கு நேராக, ‘பழைய குறிப்பு. தேவையில்லை’ என்று எழுதியது நான்தான். லீலாபாய் அழித்த இருபத்தேழில் அதுவும் ஒன்று. பதினோரு வாரம் அது ‘தெரியாது’ என்றே கிடந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் மென்பொருள்காரர்கள் அதைத் தூக்கிவிடலாமா என்று கேட்டார்கள். தூக்கிவிடலாம் என்று நானும் தலையாட்டினேன். அவர் மட்டும், “கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்று உட்கார்ந்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு முட்டத்துக்குப் பேருந்து ஏறினார். பழைய கட்டடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிஸ்டர் ஒருவர் அங்கே மகள் வீட்டில் இருந்தார். எண்ணைச் சொன்னதும் அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. “நாலா? அது ஊசி ஒத்துக்கிடாதவங்க மக்கா. ஊசி போட்டு மூச்சு முட்டினவங்களுக்கு நாங்க நாலுண்ணு போட்டு வச்சோம். அத எடுத்துராதீங்க.”

திரும்பும் வழியில் பேருந்தில் அதையே எண்ணிக்கொண்டு வந்தேன். அந்த நாலு எத்தனை பேருக்கு நேராக இருந்தது என்று எனக்குத் தெரியும். நான் எழுதியது நின்றிருந்தால் அத்தனை பேரும் குறிப்பு இல்லாதவர்களாகப் புது மென்பொருளுக்குள் போயிருப்பார்கள். பழைய கட்டடத்தின் பதிவுதான் முதலில் புது மென்பொருளுக்குள் போனது. இரண்டு மாதம் கழித்துப் பூதப்பாண்டியிலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கு ஊசி எடுத்த நர்ஸ், திரையில் வந்த சிவப்பு எச்சரிக்கையைப் பார்த்துக் கையை நிறுத்தினார். எச்சரிக்கை அந்த நாலிலிருந்து வந்தது. அன்று என் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன்.

அந்த வரியை எழுதியது யார் என்று நிர்வாகத்திடம் ஏன் சொல்லவில்லை என்று பிறகு அவரிடம் கேட்டேன். பெருந்தன்மையாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“சொன்னா நீங்க பயந்து பொறவு ஒரு வரி எழுத மாட்டீங்க. எனக்கு வேலைக்கு ஆளு வேணும் சாரே” என்றார்.

அவர் போன பிறகு, பட்டியலில் இன்னும் சேராத ஒன்பது பதிவு அட்டவணைகள் மிச்சம் இருக்கின்றன. அடக்கம் முடிந்த மறு திங்கட்கிழமை முதலாவதைத் திறந்தேன். மூன்றாவது கட்டத்துக்குப் பொருள் புரியவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று ஒன்று மனதில் ஓடியது, அழகாகவும் இருந்தது. ‘தெரியாது’ என்று எழுதினேன். ஐம்பத்து நான்கு வயதில், என் பெயரைப் பக்கத்தில் வைத்து அந்தச் சொல்லை எழுதியது அதுதான் முதல் முறை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

இதைப் படித்த பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தெரியாது. கேட்கத் தயாராக இருக்கிறேன்.