இவருக்காக நான் படித்த கொரிய மொழி

எங்கள் வீட்டுக்காரர் கொரியாவுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னபோது நான் மீனுக்குச் செதிள் தட்டிக்கொண்டிருந்தேன். "அங்க மீன்பிடிக் கப்பலில வேலை. மொழிச் சோதனை ஒண்டு பாஸ் பண்ணோணும், அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தமிழ்நாட்டு அகதி முகாமை விட்டு எங்கள் ஊர் பேசாலைக்குத் திரும்பும்போதும் இதையேதான் சொன்னார். "போய் ஒரு கூரை போட்டாச் சரி, அவ்வளவுதான்." அந்தக் கூரையைப் போட்டு முடிப்பதற்குள் எத்தனை மாரி எங்கள் தலையில் கொட்டியது என்று எனக்குத்தான் தெரியும்.

கடலை நினைத்து நான் பயப்படவில்லை. இவர் நடக்கப் பழக முதலே வள்ளத்தில் ஏறியவர். என் பயமெல்லாம் இவருடைய வாய்தான். நோவு என்று ஒன்று வந்தால் அந்த வாய் பூட்டிக்கொள்ளும். திருக்கை முள் காலில் ஏறிய அன்று, "கல்லில தடக்கிப்போட்டன்" என்று சொல்லிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவர் இவர். காய்ச்சலில் உடம்பு கொதித்தால், "வெயிலுக்குள்ள நிண்டனான்" என்பார். பக்கத்தில் இருக்கிற நானே நெற்றியைத் தொட்டு, காலைத் தூக்கிப் பார்த்து, சண்டை பிடித்துத்தான் உண்மையை எடுக்க வேண்டியிருக்கிறது. கொரியாவில் இருந்தால் யார் தூக்கிப் பார்ப்பது? அதைக் கேட்டேன்.

"போன் எடுப்பன்தானே" என்றார்.

போனில் பொய் சொல்வது இன்னும் லேசு என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் கதை அத்தோடு நின்றது.

கொரிய மொழி வகுப்புகள் எல்லாம் தூரத்து ஊர்களில், சிங்களத்தில் நடந்தன. ஒரு மொழி தெரியாமல் இன்னொரு மொழி படிக்கிற வில்லங்கம் வேண்டாம் என்று போனிலேயே படிக்கத் தீர்மானித்தார். எந்தச் செயலியில் படிப்பது என்பதுதான் அடுத்த பிரச்சினை. அதைப் போய்க் கரையில் கேட்டார். கரையில் கேட்டால் சும்மா விடுவார்களா? வள்ளத்துக்கு வெளியிணைப்பு எஞ்சின் வாங்குகிற கணக்கில் விசாரணை நடந்தது. கெதியாக ஸ்டார்ட் வருமா, கூடக் குடிக்குமா, நடுவில் நிற்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். குடிக்கிறது என்று அவர்கள் சொன்னது டேட்டாவை.

முதலில் இறக்கிய செயலி கொரிய மொழியை இங்கிலீசில் படிப்பித்தது. ஒரு கிழமை முடிய இவருக்கு ஆப்பிள், முட்டை, குடை எல்லாவற்றுக்கும் இங்கிலீசில் பெயர் வந்துவிட்டது. கொரியச் சொல் ஒன்றும் ஏறவில்லை. அதை அழித்தோம்.

இரண்டாவது தமிழில் இருந்தது. முகாமில் இருந்த காலத்தில் தொலைக்காட்சியில் கேட்ட அதே தமிழ், அதே குழைவு. எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை விளம்பரம் வந்து விழும். ஒரு சேலை, பிறகு நகைக்கடன், பிறகு இன்னொரு சேலை. "இவள் வகுப்பெடுக்கிறாளோ, சேலை விக்கிறாளோ?" என்று இவர் போனைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

மூன்றாவதைக் கொண்டுவந்தவள் இவருடைய தங்கை, என் மச்சாள். கொரிய நாடகங்கள் பார்த்துப் பார்த்து, அந்த நாட்டை ஏதோ தன் மாமியார் வீடு மாதிரிக் கதைக்கிறவள். அவள் காட்டிய செயலியில் ஒரு வாத்து இருந்தது. படத்தைக் காட்டிச் சொல்லைச் சொல்லும். இங்கிலீசும் வேண்டாம், தமிழும் வேண்டாம். ஒவ்வொரு நாளும் படித்தால் எங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நெருப்பு எரியும். ஒரு நாள் விட்டால் நெருப்பு அணைந்துவிடும், வாத்து தேம்பித் தேம்பி அழும்.

"வாத்து நல்ல வடிவு, அண்ணை" என்றாள் மச்சாள்.

"குடிக்கிறதும் குறைவு" என்றார் இவர். வாத்து எங்கள் வீட்டுக்கு வந்தது அப்படித்தான்.

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சேலை விற்கிறதையே எடுங்கோ என்று சொல்லியிருப்பேன். அதில் படித்தால் இந்தச் சென்மத்தில் சோதனை பாஸ் பண்ண மாட்டார் என்று எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது.

தொடக்கத்தில் ஒழுங்காகப் படித்தார். பிறகு கடலில் மீன் படத் தொடங்கியது. பின்னேரம் போனால் விடியத்தான் வருவார். நல்ல போனை உப்புத் தண்ணிக்குக் கொண்டுபோக மாட்டார், பழைய பட்டன் போன்தான் கூடப் போகும். வாத்து என்னோடு வீட்டில் இருக்கும். பொழுதுபட்டதும் அழத் தொடங்கும்.

"என்ர பாடத்தை நீ ஒருக்கா அமத்திவிடு" என்றார்.

"நான் அமத்தினா உங்களுக்கு எப்பிடி மொழி வரும்?"

"நான் கடலில நிக்கேக்க நீ எனக்காகச் செபமாலை சொல்லுறனீ. அது எனக்குச் சேருதோ இல்லையோ?"

"சேருது."

"அப்ப இதுவும் சேரும்."

எங்கள் ஊரில் அது வழக்கம். கடலில் நிற்கிறவர்களின் பங்கையும் சேர்த்து வீட்டில் நாங்கள் செபமாலை சொல்லிவிடுவோம். அது போய்ச் சேருமா என்று யாரும் கேட்டது கிடையாது. மாதாவுக்கும் வாத்துக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கப் போய் வாயில் ஏடாகூடமாக ஏதும் வந்துவிட்டால் பிறகு சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் அதையும் சொல்ல வேண்டும். பேசாமல் போனை வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு பின்னேரமும் முதலில் செபமாலை, பிறகு வாத்து. சும்மா அமத்திவிடத்தான் தொடங்கினேன். ஆனால் சரியாகச் சொன்னால் அந்த வாத்து செட்டையை அடித்துக்கொண்டு குதிக்கும். இந்த வீட்டில் நான் செய்த எந்தக் காரியத்துக்கும் யாரும் அப்படிக் குதித்ததில்லை. பிறகு போட்டிப் பட்டியல் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தேன். எனக்கு மேலே எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி நின்றாள். சோறு அடுப்பில் கரியக் கரிய அவளை விழுத்தினேன். முதலாம் இடத்தில் வந்தது என்னவோ இவருடைய பெயரும் இவருடைய மீசைப் படமும்தான்.

இவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் வந்ததா? போனைக் கரைக்குக் கொண்டுபோய், "முதலாமாள், பாருங்கோ" என்று ஒவ்வொருவர் மூக்குக்கும் நேரே நீட்டினார். மச்சாள் மட்டும் விடவில்லை. "அண்ணை, கொரியனில தண்ணி கேளுங்கோ பாப்பம்" என்றாள்.

"எனக்கு இப்ப தண்ணி விடாய்க்கேல்லை" என்றார்.

கொழும்பில் சோதனை. சேர்ட்டை மினுக்கி, எண்ணெய் வைத்துத் தலை சீவி, மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்ததும், "என்ன மாதிரி?" என்று கேட்டேன்.

"காதுக்குள்ள ஒரு பொம்பிளை கொரியனில கதைச்சவள். நல்ல குரல்" என்றார்.

பெயில். பிழை முழுவதும் வாத்தின் தலையில் விழுந்தது. "இந்த ஆப் சரியில்லை. சேலை விக்கிறதையே எடுத்திருக்கலாம்" என்றார். மச்சாள் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறியது. எனக்கும் பெரிய சந்தோசம். அன்றைக்கு நல்ல நண்டாகப் பார்த்து வாங்கிக் கறி வைத்தேன்.

ஆனால் நண்டு இறங்கவில்லை. இவர் பூசாத சுவரைப் பார்த்துக்கொண்டு சோற்றுக் கோப்பையில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படித்தான். அந்த முகத்துக்கு முன்னால் சோறு போட என்னால் முடியவில்லை. போனால் தவிப்பேன், போகாவிட்டால் இதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வாடைக்காற்று தொடங்கி வள்ளங்கள் கரையேறிய கிழமை, "நீயே எனக்குப் படிப்பி" என்று வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். படிப்பித்தேன். அகப்பைக் காம்பால் தலையில் தட்டித் தட்டிப் படிப்பித்தேன். அடுத்த சோதனையில் பாஸ் பண்ணினார். இவரைக் கொண்டுபோகிற மொழியை நானே வாயில் ஊட்டி அனுப்பினேன், எனக்கு விசரா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

இவர் போன பிறகும் வாத்து என்னோடுதான் இருந்தது. நான் படிப்பை விடவில்லை. சோதனையோடு நான் எல்லாவற்றையும் மறந்திருப்பேன் என்பது இவருடைய நினைப்பு. இல்லை என்று நான் ஏன் சொல்ல வேண்டும், இவர் எனக்கு எல்லாம் சொல்கிறாரா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்திருக்கும்போது வீடியோவில் எடுத்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. குளிர் பரவாயில்லையாம், வேலை லேசாம், முதலாளி தங்கமான மனிசனாம்.

"உடம்பு எப்பிடி?"

"எனக்கென்ன, கல்லுமாதிரி இருக்கிறன்."

அப்போது பின்னால் கதவு திறந்தது. வயதான ஒருவர் தலையை நீட்டி இவரிடம் ஏதோ கேட்டார். இவர் அவசரமாகத் தலையாட்டினார்.

"ஆர் அது? என்னவாம்?"

"முதலாளி. சாப்பிட்டியோ எண்டு கேக்கிறார்."

சாப்பாட்டைப் பற்றி அந்த மனிசன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கை இன்னும் நோகுதா, மருந்து போட்டாயா, நாளைக்கு வேலைக்கு வர முடியுமா என்றுதான் கேட்டார். ஆசுபத்திரிப் பாடத்தில் வாத்து என்னிடம் திருப்பித் திருப்பிக் கேட்ட கேள்விகள் அவை. இவர் போனை இடக்கையால் பிடித்திருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"போனை அவரிட்டத் திருப்புங்கோ. வணக்கம் சொல்லோணும்" என்றேன். மரியாதைக்குக் கேட்கிறாள் என்று நினைத்துத் திருப்பினார்.

வணக்கம் சொன்னேன். பிறகு வாத்து படிப்பித்த ஆகப் பணிவான கொரியனில், "ஐயா, என் கணவருக்குக் கை நல்லா நோகுது. ஆனால் சொல்ல மாட்டார். நாளைக்கு வேலை வேண்டாம். தயவுசெய்து ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

கிழவர் வாயைப் பிளந்தார். அந்த அறை அதிரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு இவருடைய வலக்கையைப் பிடித்துத் தூக்கி என் கண்ணுக்கு முன்னால் காட்டினார். துணி சுற்றியிருந்தது. வெளியே தெரிந்த விரல்கள் எல்லாம் வீங்கிப் பருத்திருந்தன. நாளைக்குக் காலையில் ஆசுபத்திரி என்று எனக்கு வாக்குக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எனக்கு அழுகை வந்தது. இவர் போனைத் தன் பக்கம் திருப்பினார். சிரிப்பு போயிருந்தது. கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

"நோகுதோ?" என்று கேட்டேன்.

துணி சுற்றிய கையைத் தானாகவே திரைக்கு முன்னால் கொண்டுவந்தார்.

"ஓம்" என்றார். "நல்லா நோகுதடி."