ஜோமாரின் சந்தேகப் பந்துகள்

வெயிலில் இளகும் தாரின் வாசனையும் புது டென்னிஸ் பந்தின் வாசனையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதை, டெக்சாஸில் ஒரு ஃப்ரீவேயை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், நடைபாதையே இல்லாத புல் விளிம்பில், தோளில் ராக்கெட் பையோடு நடந்துகொண்டிருந்தபோது கண்டுபிடித்தேன். 2007 ஜூன் மாதத்து மதியம். எனக்கு முன்னால் ஜோமார் போய்க்கொண்டிருந்தான். அவன் பையின் பக்க அறை திறந்து கிடந்ததால், அன்று காலை உடைத்த டப்பாவின் பந்துகள் உள்ளே உருண்டு உருண்டு அந்த ரப்பர் மணத்தை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. பின்னால் அவன் தோற்ற மைதானம் இருந்தது. முன்னால் எங்கோ, காலையில் எஞ்சின் கொதித்து நின்றுபோன என் வாப்பாவின் பழைய வேன் ஒரு கராஜில் இருந்தது. நாங்கள் இருவரும் எப்போதும் பேசியது இங்கிலீஷ்தான் என்றாலும், நினைவில் அது தமிழாகவே வருகிறது.

“அந்தப் பந்து வெளியடா,” என்றேன்.

“நான் பார்க்கல.”

“ஃபென்ஸுக்கு அந்தப் பக்கம் நின்ன நான் பார்த்தேன். உன்னோட ஆடினவனே பார்த்தான். போச்சுன்னு தலையில அடிச்சுக்கிட்டான். நீ திருப்பி அடிச்சதும் குஷியாயிட்டான்.”

“நீங்கெல்லாம் பார்த்தீங்க. ஆடினது நான். நான் பார்க்கல.”

“பின்னாடி டிரக் வருது. அதையாவது பார்ப்பியா? உள்ளே தள்ளி நட.”

தோற்றுவிட்டு வருகிறவன் அதற்குச் சிரித்தான்.

இந்தக் கோட்டு விவகாரத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கச் சிறுவர் போட்டிகளில் உயரமான நாற்காலியில் நடுவர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. உங்கள் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நீங்களேதான் சொல்ல வேண்டும். தெளிவாகத் தெரியாவிட்டால் உள்ளே என்று வைத்துக்கொண்டு ஆட வேண்டும். விதி எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெரும்பாலானவர்களுக்குச் சந்தேகம் என்பதே வருவதில்லை, அவ்வளவுதான். ஜோமாருக்கு வரும். தொழில்முறைப் போட்டிகளின் கடைசிப் படிக்கட்டில் இருந்த சின்னச் சின்னப் பந்தயங்களிலும் தகுதிச் சுற்று முடியும்வரை இதே நடைமுறைதான். அன்று அந்தத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில், வெற்றிக்கு ஒரே ஒரு புள்ளி பாக்கி இருந்தபோது, பின்கோட்டைத் தாண்டி விழுந்த பந்தைத் திருப்பி அடித்து அந்தப் புள்ளியையும், அதன் பிறகு ஆட்டத்தையும் இழந்துவிட்டு வந்திருந்தான்.

எனக்கும் அவனுக்கும் பழக்கமானது டாலஸ் பக்கத்துக் காப்பெலில், நீச்சல் குளத்துக்குப் பின்னால் ஒரே ஒரு கோர்ட் இருந்த அப்பார்ட்மெண்ட் வளாகத்தில். அதற்கு முன் நாங்கள் கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருந்தோம். 2001இல் வாப்பாவுக்கு வேலை போனது. அங்கிருந்து நியூஜெர்சி, பிறகு ரவுண்ட் ராக், பிறகு காப்பெல் என்று காண்ட்ராக்ட் கிடைத்த ஊருக்கெல்லாம் வேனில் சாமான் ஏற்றினோம். ஒவ்வொரு பள்ளிக்கூடமும் வேறொரு பக்கத்திலிருந்து பாடத்தை ஆரம்பித்ததால், எனக்கு அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுப்பகுதி மட்டும் மூன்று முறை கிடைத்தது. யார் ஜெயித்தார்கள் என்று வெகுநாள் தெரியாது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டேன். சண்டை போட்டுக்கொண்டு விடவில்லை. ஒரு திங்கட்கிழமை போகவில்லை, செவ்வாய்க்கிழமையும் போகவில்லை. உம்மா அழுதார்கள். வாப்பா, கீழக்கரையில் மகனை அழைக்கும் வழக்கப்படி என்னையே “வாப்பா” என்று கூப்பிட்டு, “படிக்காட்டி பரவாயில்ல வாப்பா, ஒரு இடத்துல நில்லு,” என்றார்கள். அதுதான் எனக்கு வராதது.

அந்த வளாகத்தில் ஜோமாரின் குடும்பம் எங்களுக்கு நேர் மேல் வீடு. மணிலாவிலிருந்து வந்தவர்கள். அப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். அம்மா லூர்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் வெளியாரை ஆன்ட்டி, அங்கிள் என்பதுபோல அவர்கள் “டீட்டா”, “டீட்டோ” என்பார்கள். அதனால் எனக்கு அவர் “டீட்டா லூர்து”. என்னைத் தன் பிள்ளையைக் கூப்பிடுவது போலவே “அனாக்” என்று கூப்பிட்டு, பன்றிக்கறி சேராத சட்டியைத் தனியே காட்டிச் சாப்பிடச் சொல்வார்.

கோர்ட்டுக்குப் போட்டி இருந்தது. சனிக்கிழமை காலையானால் எங்கள் ஊர் சாஃப்ட்வேர் அங்கிள்மார் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து வலையை இறக்கிவிட்டு அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஜோமார் அடித்து அடித்து முடி உதிர்ந்துபோன பந்துகளுக்கு அவர்கள் கறுப்பு எலக்ட்ரிக் டேப் சுற்றினால் அதுதான் கிரிக்கெட் பந்து. குளத்துப் பக்கத்துப் பின்கோடுதான் அவர்களுக்கு “கிரீஸ்”. பேட் பிடிக்கிறவர் ஷூ முனையால் அங்கே கீறிக் கீறிக் ‘கார்டு’ எடுப்பார். ஓட்டத்துக்கு ஓடி வந்து மட்டையைத் தேய்ப்பார்கள். வருடக்கணக்கில் இப்படித் தேய்த்ததில் அந்தப் பக்கத்துப் பின்கோடு அழிந்தே போய்விட்டது. மேனேஜர் ஒரு தடவை பெயிண்ட் அடித்தார். அடுத்த சனிக்கிழமையே ஒரு ஃபைனல் இருந்தது.

கோடில்லாத அந்தப் பக்கம்தான் ஜோமார் நிற்பான், வெயில் முதுகுப்புறம் வரும் என்பதால். அங்கே விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வழியே கிடையாது. எல்லாமே சந்தேகப் பந்து. டீட்டா லூர்து வைத்த சட்டமோ ஒரே ஒரு வரிதான்: “பார்த்தாத்தான் அவுட். பார்க்கலைன்னா ஆடு.” ஒருமுறை நான் அதைப் பற்றி வாதாடியபோது, வார்டிலிருந்து வந்த யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் படியில் உட்கார்ந்தபடி சொன்னார்: “பார்க்காத நாடித்துடிப்பைப் பார்த்தேன்னு எழுதற நர்ஸ் இருக்கா, அனாக். அவகிட்ட உன் உம்மாவை விட்டுட்டுப் போவியா?”

எனவே ஜோமார் எல்லாவற்றையும் ஆடினான். ஒரு முழம் வெளியே விழுவதையும் துரத்திப் போய் அடித்தான். அங்கிள்மாரில் பாலா அங்கிள் என்பவர், கோயம்புத்தூர்க்காரர், அடுத்த ஓவருக்குக் காத்திருந்தபடி என்னிடம் கேட்பார்: “ஏந்தம்பி, உன்ற சிநேகிதன் டென்னிஸ் ஆடறானா, அன்னதானம் பண்றானா? டவுட்டு இருந்தா பேட்ஸ்மேனுக்குக் குடுக்கோணும், சரி. இவன் பௌலருக்கும் குடுக்கறானே!” இதைக் கேட்டு மற்றவர்கள் சிரிப்பார்கள். பதினாலு வயதுப் போட்டிகளில் எதிர்ப்பக்கத்துப் பெற்றோர்களும் சிரித்தார்கள். ஜோமாரோடு ஆட்டம் விழுந்தால் அதிர்ஷ்டம் என்று தங்கள் பிள்ளைகளிடம் சொன்னார்கள். நான் அவனோடு ஆடித் தோற்றுக்கொண்டே இருந்தவன் என்பதால் எனக்கு மட்டும் வேறொன்று தெரிந்தது. மற்றவர்கள் விட்டுவிடும் பந்தையெல்லாம் விரட்டியதில் அவன் கால்களுக்குக் கோர்ட் மற்றவர்களுடையதைவிடப் பெரிதாகிவிட்டது. கோட்டுக்கு வெகு பின்னால், உடம்பு சாய்ந்த நிலையில், யாரும் பழகாத இடத்திலிருந்து அவனுக்கு ஒரு பேக்ஹேண்டு கிடைத்திருந்தது. பதினாறு வயதில் அவன் தோற்பது குறைந்தது. பதினேழில், சிரித்த பெற்றோர்கள் அட்டவணையில் அவன் பெயர் தங்கள் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார்கள்.

ஆனால் நர்சிங் காலேஜில் இடம் வாங்கி வைத்திருந்தார் டீட்டா லூர்து. பள்ளிப்படிப்பு முடிந்த அந்தக் கோடை மட்டும் அவனுக்கு. “உலகத் தரவரிசையில எந்த மூலையிலயாவது உன் பேர் வரட்டும், நான் வாயைத் திறக்கமாட்டேன். வரலைன்னா ஆகஸ்ட் கடைசியில வகுப்பு,” என்றார். பெயர் வருவதற்குத் தொழில்முறைப் போட்டியின் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டம் ஜெயிக்க வேண்டும். ஒன்றே ஒன்று. அதற்காகத்தான் அந்தக் கோடை முழுக்க வாப்பாவின் வேனில் அவனை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனேன். வேனிலேயே படுத்தோம், பெட்ரோல் பங்குகளில் முகம் கழுவினோம், பிரெட்டுக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸ் வைத்துச் சாப்பிட்டோம். கஷ்டம் என்று அப்போது தோன்றவில்லை. எனக்கு ஊர் மாறிக்கொண்டே இருந்தது, அது போதும்.

ஜூன் போய் ஜூலையும் போனது. ஆகஸ்டில் பாக்கி இருந்தது ஒரே ஒரு போட்டி, ரவுண்ட் ராக்கைத் தாண்டி ஒரு சின்ன ஊரில். இம்முறை தகுதிச் சுற்றைத் தாண்டினான். முதன்மைச் சுற்றின் முதல் ஆட்டத்துக்கு டீட்டா லூர்து டியூட்டி முடித்த கையோடு வாப்பா ஓட்டி வந்த காரில் வந்து இறங்கினார். கூடவே பாலா அங்கிள், மடக்கு நாற்காலியும் புளிச்சாதமுமாக. எதிராளி தரவரிசையில் எங்கோ மேலே இருந்த கல்லூரிக்காரன். ஜோமாருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக நாற்காலியில் நடுவர், கோடுகளுக்குப் பின்னால், பந்து வெளியே விழுந்தால் கூவிச் சொல்ல உள்ளூர் கிளப் ஆட்கள். “இன்னிக்கு நீ எதையும் பார்க்க வேண்டாம்டா, அதுக்கு ஆள் இருக்கு,” என்றேன். பாலா அங்கிளுக்கும் நிம்மதி. “அப்பாடா, தானத்துக்கு லீவு.”

மூன்றாவது செட்டின் கடைசியில் வெற்றிக்கு ஒரு புள்ளி வந்தது. ஜூன் மாதத்தில் வந்த அதே இடம். காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தது. எதிராளி ஓங்கி அடித்த பந்து பின்கோட்டைத் தாண்டி விழுந்தது. நான் பார்த்தேன், அடித்தவனும் பார்த்தான், தோற்றுவிட்டோம் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கைகுலுக்க வலையை நோக்கி நடந்தான். பின்கோட்டைப் பார்க்க நின்றிருந்த முதியவர் மட்டும், புழுதிக்குக் கண்ணை மூடிவிட்டாரோ என்னவோ, வாயைத் திறக்கவில்லை. நடுவரும் பேசாமல் இருந்தார். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு நடுவரைப் பார்த்திருப்பார்கள், ‘அவுட்’ என்று யாரும் கூவாததால் புள்ளி போயிருக்கும். ஜோமாரின் கால்கள் அதற்குள் குளத்துப் பக்கத்துக் கோர்ட்டில் இருந்தன. பின்னால் போனான், சாய்ந்தான், அந்தப் பேக்ஹேண்டை அடித்தான். நடந்து வந்துகொண்டிருந்தவனின் தோளுக்குப் பக்கத்தில் போய்ப் பந்து கோட்டுக்குள் விழுந்தது.

“என் பந்து அவுட்!” என்று கல்லூரிக்காரன் நடுவரிடம் கத்தினான். கத்திய பிறகு, அது அவுட் என்றாலும் தோற்றது தான்தான் என்பது அவனுக்கு உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றான். பிறகு அவனே சிரித்துவிட்டு ஜோமாரைக் கட்டிக்கொண்டான்.

பாலா அங்கிளின் மடக்கு நாற்காலி மல்லாந்து கிடந்தது. “நம்ம பிட்ச்சுல வளர்ந்த பேக்ஹேண்டுங்க! கோட்டை அழிச்சது நாங்கதானுங்க!” என்று புரியாத டெக்சாஸ்காரர்களிடம் எல்லாம் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தார். வாப்பா என் தலையைத் தடவிவிட்டு, வேனின் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்கள். டீட்டா லூர்து மகனின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அந்தப் பந்து வெளியதானே?”

“தெரியல மா. நான் பார்க்கல.”

அவர் அழுதது அப்போதுதான். நர்சிங் காலேஜுக்கு அவரே ஃபோன் பண்ணி, என் மகன் வரமாட்டான் என்றார். காரணம் கேட்டவர்களிடம், “உலகத் தரவரிசையில் இருக்கிறான்,” என்றார். அந்தப் பட்டியல் வெளியாக இன்னும் சில நாட்கள் இருந்தன.

ஆயிரத்துச் சொச்சமாவது இடத்தில் வந்த அந்தப் பெயர் 2009க்குள் ஏறிய உயரம் தனிக் கதை. பிலிப்பைன்ஸ் அணியின் சட்டை போட்டுக்கொண்டு அவன் மணிலாவில் ஆடிய ஆட்டத்தை, காப்பெலில் ஒரு கம்ப்யூட்டரின் முன்னால் இருபது பேர் நெருக்கியடித்துப் பார்த்தோம். அவன் ஜெயித்தான். எங்கள் சாம்பாரும் அவர்கள் ஊர்க் கோழிக் குழம்பான அடோபோவும் ஒரே மேஜையில் இருந்தன.

போன வருடம் அந்த வளாகத்தின் வழியாகப் போனேன். பழைய வலையும் இல்லை, அங்கிள்மாரும் இல்லை. கோர்ட்டை, பிக்கிள்பால் என்ற சின்ன மட்டை ஆட்டத்துக்காகத் துண்டு போட்டு, பளிச்சென்று நீலத்திலும் மஞ்சளிலும் எங்கு பார்த்தாலும் கோடு அடித்திருக்கிறார்கள். அங்கே இனி யாருக்கும் எந்தப் பந்திலும் சந்தேகம் வராது. பெரிய போட்டிகளிலும் இப்போது கேமராதான் பார்க்கிறது. பதிவு செய்த ஒரு குரல் “அவுட்” என்கிறது. எனக்கு அதில் புகார் எதுவும் இல்லை. கேமராவுக்குக் கண்ணில் தூசி விழாது.

அன்று கண்ணில் தூசி விழுந்த அந்த முதியவர், ஆட்டம் முடிந்ததும் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, “இந்த வெயில் எனக்குப் போதும்,” என்று வீட்டுக்குப் போய்விட்டார். போட்டியை நடத்துகிறவர் ஆள் தேடிக்கொண்டு வேலியோரமாக வந்தார். நான்தான் நின்றிருந்தேன்.

“கண்ணு நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

“என்ன படிச்சிருக்கே?”

“அது நல்லா இல்லை.”

“கண்ணுதான் வேணும். காலையில வந்துடு.”

மறுநாள் காலை, ஜோமார் முதல் கோர்ட்டில் தன் அடுத்த ஆட்டத்துக்குப் பந்து தட்டிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது கோர்ட்டின் பின்கோட்டுக்குப் பின்னால், யாரோ கொடுத்த பெரிய தொப்பியைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் கையூன்றிக் குனிந்து நின்றேன். என் வாழ்க்கையில் ஒரே இடத்தில் நிற்பதற்காக எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. ஆட்டத்தின் முதல் நீண்ட பந்து கோட்டுக்கு ஒரு விரல்கடை பின்னால் விழுந்தது. பார்த்தேன். கையை நீட்டி, மூன்று கோர்ட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்.